அடங்கிப் போதலும் அகிம்சையும்

அகிம்சை என்னும் சொல் நம் பள்ளிக் கட்டுரைகளிலும் மேடைப் பேச்சுகளிலும் மிகுதியாக வழங்கும் சொற்களுள் ஒன்று. கொல்லாமை, பொறுமை, அடக்கம், சாந்தம் ஆகிய அனைத்தையும் அந்த ஒரு சொல்லுக்குள் போட்டு நிரப்புவது நம் வழக்கமாகிவிட்டது. இதனால் ஒரு பெரும் பிழை நேர்ந்துள்ளது. தோட்டத்துத் தமிழர் தலைமுறை தலைமுறையாகத் துரையின் முன்னும் கிராணியின் முன்னும் கைகட்டி நின்றதைக்கூட அகிம்சை எனப் புகழும் நிலைக்கு நாம் வந்துள்ளோம். 'நம் முன்னோர் பொறுமைசாலிகள். ஆகவே காந்திய வழியினர்' என்று எழுதும் மாணவனுக்கு முழு மதிப்பெண் தருகிறோமே தவிர, அந்த 'ஆகவே' என்னும் சொல்லின் கீழ்ச் சிவப்புக் கோடு இடுவதில்லை. அடங்கிப் போதல் வேறு, அகிம்சை வேறு. இவ்விரண்டையும் பிரித்துக் காண நம் இலக்கியமும் பேராக் மண்ணின் வரலாறும் எங்ஙனம் துணைபுரிகின்றன என்பதை ஈண்டு ஆராய்வோம்.

குறள் காட்டும் வேறுபாடு

திருவள்ளுவர் பொறையுடைமையை இல்லறவியலில் 16ஆம் அதிகாரமாக வைத்தார். வெகுளாமை, இன்னாசெய்யாமை, கொல்லாமை ஆகிய மூன்றையும் துறவறவியலில் 31, 32, 33ஆம் அதிகாரங்களாக அடுத்தடுத்து நிறுத்தினார். பொறுமையும் இன்னாசெய்யாமையும் ஒன்றே எனில் இருவேறு இயல்களில் இரண்டு அதிகாரங்கள் வேண்டியதில்லை.

இவ்விரு அதிகாரங்களிலும் 'ஒறுத்தல்' என்னும் சொல் ஆளப்படும் முறை கூர்ந்து நோக்கத்தக்கது. பொறையுடைமையில் ஒறுத்தல், அதாவது தண்டித்தல், பொறுத்தலுக்கு எதிராக நின்று தாழ்வுறுகிறது. இன்னாசெய்யாமையிலோ அதே சொல் ஏற்றம் பெறுகிறது. தீங்கு செய்தவனை ஒறுக்க வேண்டும். ஆனால் ஒறுக்கும் கருவி, அவன் நாணும்படி நன்மை செய்தல் என்கிறார் வள்ளுவர். இங்கே தீங்கு செய்தவன் சும்மா விடப்படவில்லை என்பதை மாணவர்கள் மனங்கொள்ள வேண்டும். அவன் செய்தது தீங்கு என்பது அவனுக்கே உணர்த்தப்படுகிறது. பொறுமை துன்பத்தைத் தாங்கிக்கொள்வது; இன்னாசெய்யாமை துன்பம் தந்தவனின் மனச்சான்றோடு வழக்காடுவது.

எனினும், வள்ளுவரிடம் ஓர் எல்லையும் உண்டு. பொருட்பாலில் அவர் படைக்கு இடம் தருகிறார். கொடுங்கோன்மையைக் கடிந்துரைக்கும்போது, குடிகளின் கண்ணீரே கொடுங்கோலனின் செல்வத்தை அழிக்கும் படை என்கிறார். ஆனால் அழுதவர் ஒன்றுகூடி அறவழியில் எதிர்த்து நிற்பது எவ்வாறு என்பதை அவர் விரித்துரைக்கவில்லை. தனி மனிதனின் துறவறப் பண்பாக நின்ற இன்னாசெய்யாமையைத் திரளான மக்களின் போர்முறையாக மாற்றியவர் காந்தியடிகள். டால்ஸ்டாய் 1908ஆம் ஆண்டு எழுதிய 'ஓர் இந்துவுக்குக் கடிதம்' திருக்குறளை எடுத்தாள்கிறது என்பதும், அக்கடிதத்தின் வாயிலாகவே காந்தியடிகளின் கவனம் குறளின்பால் சென்றது என்பதும் இவ்விடத்தில் நினைவுகூரத் தக்கவை.

கண்ணகியும் மணிமேகலையும்

இரட்டைக் காப்பியங்களை இந்நோக்கில் ஒருங்கு வைத்துக் கற்பிப்பது பெரும்பயன் தரும். வழக்குரை காதையில் கண்ணகி படைக்கலம் ஏதுமின்றி அரசவை புகுகிறாள். அவள் கையில் இருப்பது எஞ்சிய சிலம்பு ஒன்றே. அதனை உடைத்துக் காட்டிய அளவில் பாண்டியன் தன் குற்றத்தைத் தானே உணர்கிறான். தானே தீர்ப்புக் கூறிக்கொண்டு உயிர் துறக்கிறான். எளிய பெண் ஒருத்தி, அஞ்சாமையையும் சான்றையும் மட்டுமே துணையாகக் கொண்டு ஓர் அரசை வென்ற இடம் இது. அறவழிப் போருக்கு இதனினும் சிறந்த காட்சி நம் காப்பியங்களில் இல்லை எனலாம்.

ஆனால் கதை அங்கு நிற்கவில்லை. வழக்கில் வென்ற பின்னரே மதுரை எரிகிறது. பார்ப்பார், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், முதியோர், குழந்தைகள் ஆகியோரை விலக்கித் தீயோரையே சேர்க என்று கண்ணகி தீக்குக் கட்டளையிடுகிறாள். விலக்குப் பட்டியல் ஒன்று தேவைப்படுவதே தீயின் இயல்பை இளங்கோவடிகள் அறிந்திருந்தார் என்பதற்குச் சான்று. காப்பியத் தீ கட்டளைக்குக் கட்டுப்படலாம். வாழ்க்கையில் மூளும் தீ அவ்வாறு கட்டுப்படுவதில்லை.

மணிமேகலையோ பசிப்பிணியைப் பகையாகக் கொண்டாள். சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கும்படி சோழ மன்னனிடம் வேண்டிப் பெற்றாள். தன்னைச் சிறையிட்டுத் துன்புறுத்திய அரசமாதேவியையும் அறவுரையால் திருத்தினாள். தீங்கு செய்யாமை என்னும் எதிர்மறைப் பண்பு, உணவளித்தல், சிறை திறத்தல் என்னும் ஆக்கப் பணியாக இங்கே வளர்ந்திருக்கிறது. அவைக்களத்துக் கண்ணகியும் அமுதசுரபி ஏந்திய மணிமேகலையும் சேர்ந்ததே முழுமையான அகிம்சை. எதிர்த்து நிற்றல் ஒரு பாதி, கட்டியெழுப்புதல் மறுபாதி.

நேட்டாலிலிருந்து கிள்ளான் வரை

சத்தியாக்கிரகம் உருப்பெற்ற தென்னாப்பிரிக்க மண்ணில் அதன் முதல் வீரர்களுள் பலர் தமிழர்கள். சிறைத் துன்பத்தால் 1909இல் நாகப்பனும், நாடுகடத்தலின் துன்பத்தால் 1910இல் நாராயணசாமியும் மாண்டனர். சிறையிலிருந்து நோயுடன் மீண்ட தில்லையாடி வள்ளியம்மை 1914 பிப்ரவரி 22இல் தம் பதினாறாம் வயதில் உயிர் நீத்தார். 1913இல் நேட்டாலின் நிலக்கரிச் சுரங்கங்களிலும் கரும்புத் தோட்டங்களிலும் வேலையை நிறுத்தி எழுந்தவர்கள் ஒப்பந்தக் கூலிகள். மலாயாவின் பால்மரக் காடுகளுக்கு வந்தவர்களும் அதே வறுமையால் கடல் கடந்தவர்களே. எனவே அகிம்சை படித்தவர்க்கே உரிய தத்துவம் என்பாரின் கூற்றைப் படிப்பறிவு பெறாத அத்தொழிலாளர் அன்றே பொய்யாக்கினர்.

மலாயாவில் இவ்வுணர்வு வெளிப்பட்ட முதன்மையான இடம் கிள்ளான் வட்டாரம். 1941ஆம் ஆண்டு, ஆர். எச். நாதன் முதலியோர் வழிகாட்டத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். சீனத் தொழிலாளர்க்கு இணையான கூலி வேண்டும், பிள்ளைகளுக்குத் தக்க கல்வி வேண்டும், கள்ளுக்கடைகளை மூட வேண்டும், பெண்களிடம் முறைகேடாக நடப்பது ஒழிய வேண்டும் என்றனர். அவற்றோடு வந்த மற்றொரு கோரிக்கை, துரையைக் கண்டால் மிதிவண்டியை விட்டு இறங்க வேண்டும் என்னும் கட்டாயம் நீங்க வேண்டும் என்பது. கூலியைவிட இது சிறிது போலத் தோன்றும். ஆனால் அடங்கிப் போதல் முடிந்து அகிம்சை தொடங்கும் எல்லை அதுவே. இறங்காமல் செல்பவன் யாரையும் அடிக்கவில்லை. தன்னைத் தாழ்த்திக்கொள்ள மட்டும் மறுக்கிறான். நாதன் கைதான பிறகு கொந்தளிப்பு மிகுந்தது. படை வரவழைக்கப்பட்டது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிரிழந்தனர், நாதன் நாடு கடத்தப்பட்டார். போராட்டம் ஒடுக்கப்பட்டதேயன்றி, அது எழுப்பிய வினா ஒடுங்கவில்லை.

சுங்கை சிப்புட்டின் இரு முகங்கள்

ஈப்போவுக்கு வடக்கே உள்ள சுங்கை சிப்புட், அவ்வினாவுக்கு இருவேறு விடைகள் தரப்பட்ட ஊர். 1948 ஜனவரி 30இல் காந்தியடிகள் சுடப்பட்டு இறந்தார். அதே ஆண்டு ஜூன் 16இல், எல்ஃபில் தோட்டத்தில் ஒருவரும் அருகிலிருந்த மற்றொரு தோட்டத்தில் இருவருமாக மூன்று ஐரோப்பியத் தோட்ட அதிகாரிகள் சுட்டுக் கொல்லப்பட்டனர். அடுத்த சில நாள்களில் மலாயா முழுவதும் அவசரகாலம் நடப்புக்கு வந்தது. 1960 வரை நீடித்தது. அந்த ஜூன் மாதத்திலேயே அகில மலாயாத் தொழிற்சங்கக் கூட்டமைப்பு சட்டத்திற்குப் புறம்பாக்கப்பட்டது. அதன் தலைவராக இருந்த எஸ். ஏ. கணபதி, துப்பாக்கி வைத்திருந்த குற்றத்திற்காக 1949 மே 4இல் தூக்கிலிடப்பட்டார். லயங்களைச் சுற்றிக் கம்பி வேலி எழுந்தது; ஊரடங்கும் அரிசிக் கட்டுப்பாடும் வந்தன.

இவ்வரலாற்றை ஒருதலையாகப் படிக்கலாகாது. அரசும் முதலாளிகளும் செய்த வன்முறையை மறைத்துவிட்டுத் தொழிலாளிக்கு மட்டும் அகிம்சை போதிப்பது, கொடுங்கோன்மை அதிகாரத்தை நீக்கிவிட்டுக் குறள் நடத்துவதற்கு ஒப்பாகும். ஆயினும் விளைவை எண்ணிப் பார்க்க வேண்டும். தொழிலாளியின் கையில் இருந்த மிக வலிய கருவி சங்கம். துப்பாக்கி முழங்கிய பின், அக்கருவியைப் பறிப்பதற்கு அரசுக்கு எளிதான காரணம் கிடைத்துவிட்டது. துப்பாக்கியைத் தொடாதவர்களும் வேலிக்குள் அடைபட்டனர். கண்ணகி இட்ட விலக்குப் பட்டியல் போன்ற ஒன்று இங்கே பயன்படவில்லை.

அதே ஊரின் மறுமுகம் வேறு. அவ்வூரில் பிறந்த வீ. தி. சம்பந்தனின் முயற்சியால் உருவான மகாத்மா காந்தி கலாசாலை 1954இல் விஜயலட்சுமி பண்டிட்டால் திறந்து வைக்கப்பட்டது. அதே ஆண்டில்தான் பி. பி. நாராயணன் முதலியோர் முயற்சியால் சிதறிக் கிடந்த சங்கங்கள் இணைந்து தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவாயிற்று. ஐரோப்பிய முதலாளிகள் தோட்டங்களை விற்கவும், வாங்கியவர்கள் அவற்றைத் துண்டாடவும் தொடங்கியபோது, வேலையும் லயத்து வீடும் ஒருசேரப் பறிபோயின. அந்நிலையில் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைச் சம்பந்தன் தோற்றுவித்தார். தோட்டந்தோட்டமாகச் சென்று தொழிலாளரைப் பங்குதாரராகச் சேர்த்தார். பால் வெட்டியவர்களின் சேமிப்பே தோட்டங்களை வாங்கும் முதலாயிற்று. துரையை விரட்டாமல், துரையின் நிலத்தை விலைகொடுத்து வாங்கும் இச்செயல் காந்தியடிகள் கூறிய நிர்மாணத் திட்டத்தின் மலாயா வடிவம் எனலாம். எல்லாத் தோட்டங்களையும் அது காத்துவிடவில்லை. துண்டாடலைத் தடுத்து நிறுத்தவும் இல்லை. எனினும், கெஞ்சுதல், சுடுதல் ஆகிய இரண்டுக்கும் அப்பால் மூன்றாவது வழி ஒன்று உண்டு என்பதை அது மெய்ப்பித்தது.

நம் எழுத்தின் கடமை

இம்மூன்றாவது வழியை நம் புனைகதைகள் போதிய அளவு காட்டியுள்ளனவா என்பதே திறனாய்வாளன் கேட்க வேண்டிய கேள்வி. மலேசியாவுக்கு வந்து சென்ற அகிலன் 'பால்மரக் காட்டினிலே' நாவலில் தோட்ட மக்களின் வாழ்வைத் தமிழுலகின் கவனத்திற்குக் கொண்டுசென்றார். அ. ரெங்கசாமியின் 'லங்காட் நதிக்கரை' அவசரகாலத்தில் இரு தரப்புக்கும் இடையே நசுங்கிய தமிழரைக் காட்டிற்று. இவை பாராட்டுக்குரியவை. ஆயினும், நம் தோட்டக் கதைகளில் பெரும்பாலும் இருவகை மாந்தரையே காண்கிறோம். ஒருவன் கண்ணீர் விட்டுப் பொறுத்துக்கொள்பவன்; மற்றவன் பாராங்கத்தியை ஓங்குபவன். முன்னவனுக்கு இரக்கமும் பின்னவனுக்குக் கைதட்டலும் கிடைக்கின்றன. மிதிவண்டியை விட்டு இறங்காதவனும், தன் சேமிப்பைக் கூட்டுறவுக்குக் கொடுத்தவளும் கதை மாந்தராவது அரிது. அடிதடியில் உள்ள விறுவிறுப்பு அவர்கள் செயலில் இல்லை என்று எழுத்தாளர் கருதுவர் போலும். வழக்குரை காதையில் ஒரு சிலம்பு உடைவதைத் தவிர வேறு அடிதடி இல்லை என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பார்களாக.

இது இலக்கியச் சுவை பற்றிய வாதம் மட்டுமன்று. ஈப்போவைச் சூழ்ந்த தோட்டங்கள் பல இன்று செம்பனைக் காடுகளாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. அங்கிருந்து பெயர்ந்து நகரோரங்களில் குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் நம் வகுப்பறைகளில் அமர்ந்துள்ளனர். அவமதிப்பை நேர்கொள்ளும் ஓர் இளைஞன், ஒன்று தலைகுனிய வேண்டும், அல்லது கத்தி எடுக்க வேண்டும் என்றே அறிந்திருப்பானாயின், இரண்டாவதைத் தேர்ந்தெடுத்த பின் அவனை மட்டும் குறைகூறிப் பயனில்லை. கோழைத்தனத்துக்கும் வன்முறைக்கும் இடையே ஒன்றைத் தேர்ந்தே தீர வேண்டுமெனில் வன்முறையையே பரிந்துரைப்பேன் என்று காந்தியடிகள் 1920இல் எழுதியதன் உட்பொருள் இதுவே. அவர் வன்முறையைப் போற்றவில்லை. கோழைத்தனம் அகிம்சையின் பெயரைச் சூடிக்கொள்வதைத்தான் மறுத்தார்.

ஆகவே ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். இன்னாசெய்யாமை அதிகாரத்தை நடத்தும் நாளில் கொடுங்கோன்மை அதிகாரத்தையும் உடன் வைத்து நடத்துங்கள். நேட்டாலையும் கிள்ளானையும் சுங்கை சிப்புட்டையும் எடுத்துக்காட்டுங்கள். மாணவர்கள் தம் பாட்டன் பாட்டியரிடம் சென்று, 'நீங்கள் எவ்வளவு துன்பப்பட்டீர்கள்?' என்று மட்டும் கேளாமல், 'எதற்கு மறுத்து நின்றீர்கள்?' என்றும் கேட்டு எழுதி வரட்டும். அவ்வாறு எழுதப்படும் கட்டுரைகளில் அகிம்சை என்னும் சொல் தன் உண்மைப் பொருளை மீண்டும் பெறும்.