பியானோவும் தமிழ்ப் பாட்டும்
‘புதிய பறவை’ இசையும் அதன் சுவைஞரும்

திரையிசைப் பாடல்களை ஆராய்ச்சிக்குரிய பொருளாகக் கொள்வது தகுமோ என்று ஐயுறும் புலவர் இன்றும் உளர். ஆயினும், அறுபது ஆண்டுகள் கடந்தும் மக்கள் செவியை விட்டு நீங்காத பாட்டு எதுவாயினும், அது நிலைத்து நிற்பதற்குரிய காரணத்தை ஆராய்வது இசைத்தமிழ்ப் பணியே ஆகும். 1964-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘புதிய பறவை’ படத்தின் பாடல்கள் அத்தகையன. சிவாஜி கணேசன் தம் சொந்த நிறுவனத்தின் வாயிலாக எடுத்த படம் அது. தாதா மிராசி இயக்கினார், கண்ணதாசன் பாடல்களை இயற்றினார், விசுவநாதன்-இராமமூர்த்தி இருவரும் இசையமைத்தனர், பி. சுசீலாவும் டி. எம். சௌந்தரராசனும் பாடினர்.

மலேசியத் தமிழர்க்கு இப்படத்தின் மேல் தனிப் பற்று உண்டு. கதைத் தலைவன் சிங்கப்பூரிலிருந்து கப்பலேறித் தாயகம் திரும்புகின்றான். கதையின் முடிச்சும் சிங்கப்பூரிலேயே விழுகின்றது. பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியில் உள்ள கெப்பாலா பத்தாஸிலும், அதனைச் சூழ்ந்த தோட்டங்களிலும் இப்பாடல்களை முணுமுணுக்கும் முதியோர் இன்றும் உளர். பியானோ என்னும் கருவியைக் கண்ணால் காணுமுன் காதால் அறிந்த தலைமுறை அது. 2010-இல் சென்னை சாந்தி திரையரங்கில் இப்படம் மீண்டும் திரையிடப்பட்டபோதும் மக்கள் திரண்டு வந்தனர் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

இனி, இச்சுவைஞர் இவ்விசையை எவ்வாறு போற்றுகின்றனர் என்பதை நோக்குதல் வேண்டும். அவர்தம் புகழுரைகளில் முதன்மையாக நிற்பது எண்ணிக்கை. ‘எங்கே நிம்மதி’ என்ற பாடலுக்கு நூற்றுக்கணக்கான கருவிகள் முழங்கின என்பர். எத்தனை நூறு என்று வினவினால் ஆளுக்கோர் எண் கூறுவர். கருவிகளின் தொகை பெரிதாகப் பெரிதாகப் பாட்டின் பெருமையும் வளரும் என்பது அவர் எண்ணம் போலும். நெல்லைப் படியால் அளக்கலாம். பண்ணை அவ்வாறு அளத்தல் இயலாது. அப்பாடலில் பெருங்கூட்டமாகிய இசை அலை வேண்டப்பட்டது உண்மையே. குற்ற நினைவால் துரத்தப்படும் ஒருவனைச் சூழ்ந்து ஒலி நெருக்க வேண்டியிருந்தது. பெருமை அந்தப் பொருத்தத்தில் உளதேயன்றித் தொகையில் இல்லை.

அவர் கூற்றில் மற்றொன்று, கடன் பெற்றதை மறுத்தல். ‘பார்த்த ஞாபகம் இல்லையோ’ என்னும் பாடலில், மெக்சிகோவில் பிறந்து, 1954-இல் டீன் மார்ட்டின் ஆங்கிலத்தில் பாடிப் பரப்பிய ‘ஸ்வே’ என்ற மெட்டின் சாயல் இருப்பதைச் செவியுடையோர் உணர்வர். அதனைச் சொன்னால் சினங்கொள்ளும் அன்பர் பலர். சினத்திற்கு இடமில்லை. அதே மெட்டு மகிழ்ச்சியாக ஒருமுறையும் துயரமாக ஒருமுறையும் படத்தில் ஒலிக்கின்றது. வந்த மெட்டு ஒன்றை இரு மெய்ப்பாடுகளுக்கும் இசைய வளைத்தது இவர்தம் ஆற்றல். மூலத்தை ஒப்புக்கொண்ட பின்னரே இவ்வாற்றல் தெளிவாகப் புலப்படும்.

மறுபுறம், பியானோ தமிழிசைக்கு ஒவ்வாத கருவி எனத் தள்ளுவோர் உளர். அவர் வாதம் வலிமையற்றதன்று. பியானோவில் 88 கட்டைகள் உள. ஒன்றை அழுத்தினால் உள்ளே கம்பளி பொதிந்த சிறு சுத்தியல் கம்பியைத் தட்டி மீள்கின்றது. எழுந்த ஒலி அக்கணமே தேயத் தொடங்கும். அதனை நீட்டிப் பெருக்கவோ, அடுத்த சுரத்தை நோக்கி இழைக்கவோ, அசைக்கவோ இயலாது. கமகமே உயிராகிய இசைக்கு இது பெருங்குறை. கட்டைக் கருவியாகிய ஆர்மோனியத்தை 1940-இல் இந்திய வானொலி விலக்கியதற்கும் இத்தகைய காரணமே கூறப்பட்டது; 1971-இல்தான் அவ்விலக்குத் தளர்ந்தது.

இக்குறையை இசையமைப்பாளர் எவ்வாறு எதிர்கொண்டனர் என்பதற்கு ‘உன்னை ஒன்று கேட்பேன்’ சான்றாகும். கதைத்தலைவி பியானோவின் முன் அமர்ந்து பாடும் பாடல் இது. பியானோ தன்னால் இயலாத கமகத்திற்கு முயலவில்லை. ஒன்றுக்கு மேற்பட்ட சுரங்களை ஒருங்கே தட்டி எழுப்பிப் பாட்டிற்குத் தளம் அமைக்கின்றது. பின் தேய்ந்து ஒதுங்குகின்றது. அது விட்ட இடத்தில் சுசீலாவின் குரல் சுரங்களை இழைத்து, அடிகளின் முடிவில் மெல்ல நெளிந்து அமைகின்றது. கருவி தட்டுகின்றது, குரல் இழுக்கின்றது. விசுவநாதன் ஆர்மோனியத்தில் கைதேர்ந்தவர். இராமமூர்த்தி வயலின் வல்லுநர். கட்டையின் தெளிவும் வில்லின் இழைவும் ஓரிசையில் கூடியது வியப்பன்று. 1965-இல் அவ்விருவரும் பிரிந்தனர்.

பாட்டின் பொருளும் இதனோடு இயைகின்றது. பாடுபவள் காதலியாக வந்தவளாயினும், உண்மையில் குற்றத்தைத் துப்பறிய வந்தவள் என்பதைக் கதையின் இறுதியில் அறிகின்றோர், இப்பாடலை மறுமுறை கேட்கும்போது திடுக்கிடுவர். விருந்தினர் நடுவே இனிமையாக எழுந்த வினா, உசாவலின் வினாவாக மாறிவிடுகின்றது. தட்டியவுடன் ஒலித்து, மறுமொழிக்கு இடம்விட்டு அடங்கும் பியானோவைப் போல் இவ்வினாவிற்கு இசைந்த கருவி வேறொன்று கிடைப்பது அரிது.

குறை இல்லாமலும் இல்லை. தமிழ்ப் படங்களில் பியானோ பெரும்பாலும் செல்வர் மாளிகையின் அணிகலனாகவே காட்டப்பட்டது. இப்படமும் அதற்கு விலக்கன்று. பினாங்கில் 1929-இல் பிறந்த பி. ரம்லி, 1960-இல் ‘அந்தாரா டுவா தார்ஜாட்’ என்ற மலாய்ப் படத்தில் இதே கருவியை வேறு நோக்கில் கையாண்டார். அங்கு ஏழை இசைஞன் அரச குலத்துப் பெண்ணுக்குப் பியானோ கற்பிக்கின்றான். மாளிகைக்கு உரியதெனக் கருதப்பட்ட கருவி அவன் விரல்களுக்கு வசமாகின்றது. கருவியைச் செல்வத்தின் அடையாளமாக மட்டும் காணும் பார்வையை அப்படம் அசைத்தது. ‘புதிய பறவை’ இசையால் உயர்ந்ததேயன்றி, இக்கேள்வியை எழுப்பவில்லை.

ஆகவே சுவைஞர் செய்யத்தக்கது யாது? கருவிகளின் தொகையைக் கூறிப் பெருமிதங் கொள்ளுதலும், அயற்கருவி என ஒதுக்குதலும் ஆகிய இரண்டுமே கேளாமைக்கு வழிகோலுவன. தோட்டப் பள்ளிச் சிறார்க்கும் இப்பாடலை ஒலிக்கச் செய்து, பியானோ எங்கே நிற்கின்றது, குரல் எங்கே தொடங்குகின்றது என்று வினவலாம். அதற்குப் பியானோ வாங்கும் பொருள்வளம் வேண்டுவதில்லை. அவ்வினாவிற்கு விடை கூறப் பழகிய செவி, நாளை நாகசுரத்தையும் யாழிசை பற்றிய சிலப்பதிகாரச் செய்திகளையும் கூர்ந்து அறியும் தகுதி பெறும்.