'எம்' என்னும் தாய்

மனநோயுற்ற தாயைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அவளைப் புனிதையாக்குவர், அல்லது அச்சத்துக்குரியவளாக்குவர். ஜெர்ரி பின்டோ 2012-இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட 'எம் அண்ட் த பிக் ஹூம்' என்னும் புதினம் இவ்விரண்டையும் தவிர்க்கிறது. 2016-ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருது பெற்ற நூல் இது.

மும்பை மாகிமில், சிறியதோர் அடுக்குமாடி வீட்டில் வாழும் கோவா கத்தோலிக்கக் குடும்பத்தின் கதை. தாய் இமெல்டாவைப் பிள்ளைகள் 'எம்' என்றும், தந்தை அகஸ்டினைப் 'பிக் ஹூம்' என்றும் அழைக்கின்றனர். எம் பீடி புகைப்பவள், ஓயாது பேசுபவள், சிரிக்க வைப்பவள். களிப்பின் உச்சிக்கும் துயரின் ஆழத்துக்கும் மாறிமாறி இழுக்கும் நோய், மகன் பிறந்தபின் அவளைப் பற்றிக்கொண்டது. தன்னுயிரை மாய்த்துக்கொள்ளவும் பலமுறை முயன்றாள். கதை சொல்பவன் அந்த மகனே. தன் பிறப்பே தாயின் நோய்க்கு வாசலாயிற்றோ என்னும் கேள்வியோடு அவன் வளர்கிறான். நூலின் உயிர்நாடி இதுவே.

மகப்பேற்றை அடுத்து இத்தகைய நோய் தலைதூக்குவதை மருத்துவம் நன்கறியும். பெங்களூர் நிம்ஹான்ஸில் தாயையும் சேயையும் ஒருங்கே அனுமதித்துப் பேணும் பிரிவு 2009-இல் தொடங்கப்பட்டது. சிகிச்சை பெறும் தாயிடமிருந்து மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைப் பொதுவாகப் பிரிக்கலாகாது என்று 2017-இன் மனநலப் பராமரிப்புச் சட்டம் விதிக்கிறது. எம் நோயுற்ற நாள்களில் இவை இல்லை. அவளைத் தாயாகவே இருக்க விட்டவர் கணவர். மிகுதியாகப் பேசாதவர், விட்டு விலகாதவர்.

இங்கேதான் எனக்கொரு குறை. ஆசிரியர் இம்மனிதரை மிக உயரத்தில் நிறுத்திவிட்டார். இவர் ஒருநாள் நோயில் விழுந்தால் என்னாகும்? இவர் பொறியாளர். மருத்துவமனையில் ஒருநாள் அமர்ந்தால் அன்றைய கூலியை இழக்கும் கணவன் என்ன செய்வான்? ஒருவர் தோள்மீது எல்லாச் சுமையையும் இறக்கிவிட்டு, அதனை அன்பின் காவியம் என்று வியப்பது நமக்கு எளிது.

பங்குச் சமூகமோ நினைவில் நிற்கும்படி இக்கதையில் வருவதேயில்லை. மகன் விசுவாசத்தை இழக்கிறான். அவனைக் கண்டிக்க எனக்கு மனம் வரவில்லை. இத்தகைய இல்லங்களுக்கு நம் அன்பியத்தார் சென்று செபமாலை சொல்லித் திரும்புவதுண்டு. நன்றே. ஆயினும் அரசு மருத்துவமனையில் மருந்துச் சீட்டோடு வரிசையில் நிற்க ஒருவர் வேண்டும். பள்ளியிலிருந்து பிள்ளைகளை அழைத்துவர ஒருவர், தந்தை உறங்கும் இரவில் விழித்திருக்க ஒருவர் வேண்டும். தாய் தேறிய நாளில் குழந்தையை அவள் மடியிலேயே கொடுத்துவிட்டு ஒதுங்கத் தெரிந்தவரும் வேண்டும். இவ்வளவும் ஓர் அன்பியத்துக்கு இயலாததன்று. பேய் என்று முடிவுகட்டித் திருத்தலம் திருத்தலமாக அவளை இழுத்துச் செல்வதைவிடச் செலவும் குறைவு.

நூலின் ஆங்கிலம் எளியது. எம்மின் பேச்சில் நாம் வீட்டில் பேசத் தயங்கும் பல செய்திகள் ஒளிவுமறைவின்றி வரும். இளையோர் மன்றத்தில் வாசிக்கக் கொடுப்போர் முன்கூட்டியே சொல்லிவிடுவது நலம்.