மண்ணே பாத்திரமாக: பினோத் பிஹாரி முகர்ஜியின் மாணவப் பருவச் சுருளோவியம்

சுற்றாடலைப் பொருளாகக் கொண்டு மாணாக்கர் வரையும் ஓவியங்களைக் காணுந்தோறும் ஒரு குறை மனத்தை உறுத்துவதுண்டு. வெடித்த நிலம், வெட்டுண்ட மரம், புகை கக்கும் ஆலை ஆகிய யாவும் ஒரே தாளில் நெருங்கி நிற்கும். கண்டனம் உண்டு, கதை இல்லை. அந்நிலம் எவ்வாறு அந்நிலையை எய்தியது என்பதை அவை எடுத்துரைப்பதில்லை. ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன் சாந்திநிகேதனத்து மாணவர் ஒருவர் வரைந்த சுருளோவியத்தை இக்குறையை மனங்கொண்டு நோக்குதல் பயனுடையது.

1924இல் 'சாந்திநிகேதனக் காட்சிகள்' எனும் அச்சுருளை வரைந்தபோது பினோத் பிஹாரி முகர்ஜிக்கு வயது இருபது. 1919இல் கலாபவனத்திற் சேர்ந்து பயின்றவர் அவர். பிறவியிலிருந்தே ஒரு கண் பார்வையற்றது. மற்றையதும் கிட்டப்பார்வை மிக்கது. சுருளின் உயரம் ஒரு சாணுக்கும் குறைவு. நீளமோ ஏறத்தாழ 44 அடி. 2023இல் அது கொல்கத்தாவிற் காட்சிக்கு வைக்கப்பட்டது. அச்சுப் பிரதிகள் வாயிலாகவே யாம் அதனை அறிவோம் என்பதை ஒப்புக்கொள்ளல் வேண்டும். நாற்பத்துநான்கு அடிகளை ஏட்டின் பக்கத்தில் ஒடுக்கும்போது எது இழக்கப்படுமோ அதனை யாமும் இழந்தோம்.

வங்கத்துக்குச் சுருளோவியம் புதிதன்று. பட்டுவாக்கள் எனப்படும் நாட்டார் ஓவியர் செங்குத்தான சுருளைக் கட்டங்கட்டமாக விரித்து, விரலாற் சுட்டிக் கதை பாடுவர். அங்கே கதை பாட்டில் உள்ளது. படம் அதற்குத் துணை. பினோத் பிஹாரி தேர்ந்ததோ சீன, யப்பானிய மரபுக்குரிய கிடைச்சுருள். அதிற் கட்டங்களில்லை, பாடுவாரும் இல்லை. ஒரு கையால் விரித்து மறுகையாற் சுருட்டிச் செல்லுமிடத்து, எந்நேரமும் கண்முன் நிற்பது இரண்டு முழ நிலமே. கண்டது மறையக் காணாதது தோன்றும். பார்ப்போன் நடப்போனாகிறான், நடையே கதையின் போக்காகிறது.

வங்க ஓவியர் பலர் புராணத்திலும் வரலாற்றிலும் கதை தேடிய காலமது. இச்சுருளிலோ வீரருமில்லை, தெய்வங்களுமில்லை. ஆச்சிரமத்தின் பெரியோரை மையமாக்கவும் ஓவியர் முனையவில்லை. மனித உருவங்கள் சிலவே; மரங்களே மிகுதி. பருவம் மாற நிலமும் மாறுகிறது. ஆகவே பாத்திரம் நிலமே எனல் பொருந்தும்.

அந்நிலம் எத்தகையது? பீர்பூம் மாவட்டத்துச் செம்மண், மரப்போர்வை அகன்ற இடங்களில் மழைநீரால் அரிக்கப்பட்டுப் பள்ளங்களாகப் பிளந்து கிடப்பது. அவ்வூரார் அதனைக் 'கோவாய்' என்பர். சாந்திநிகேதனத்தில் மண் வெறும் அழகியற் பொருளாக இருக்கவில்லை. 1922இல் தாகூரின் ஆதரவில், அயலிலுள்ள சிறீநிகேதனத்தில் கிராமப் புனரமைப்புப் பணி தொடங்கிற்று. அதே ஆண்டில், அப்பணியில் ஈடுபட்ட லெனார்ட் எல்ம்ஹெர்ஸ்ட், மண்ணின் வளம் கொள்ளைபோவதைப் பற்றி உரையாற்றினார். தலைமை வகித்தவர் தாகூர். 1928இல் மரநடுகை அங்கு விழாவாயிற்று. இச்சுருள் இவ்விரு நிகழ்வுகளுக்கும் இடைப்பட்டது. எனினும் அறிவுரையாக ஒரு கோடுதானும் இதில் இல்லை. கீழைத்தேய மரபில் வெற்றுத்தாள் பெரும்பாலும் மூடுபனியாகும். பீர்பூமின் வெளியை நினைந்து நோக்குவோர்க்கு அவ்வெறுமை வெயிலாகவும் மண்ணிழந்த தரையாகவும் படும். சுவரொட்டி உரத்துச் சொல்வதை இங்கே தாளின் வெறுமை சொல்லிவிடுகிறது.

ஆயின், மக்கள் எங்கே எனும் வினா எழுதல் இயல்பே. மண்ணரிப்பு உழவனுக்கும் சந்தால் குடியினருக்கும் காட்சியன்று, இழப்பு. அவர்தம் உழைப்பு இச்சுருளில் ஒதுங்கியே நிற்கிறது. இதற்குச் சிலர் ஓவியரின் பார்வைக் குறைபாட்டையும் அதனால் விளைந்த தனிமையையும் காரணங்காட்டுவர். 1950களில் அவர் முற்றாகப் பார்வையிழந்தமையும், அவரிடம் பயின்ற சத்யஜித் ராய் 1972இல் அவரைப் பற்றி எடுத்த ஆவணப்படமும் இவ்விளக்கத்துக்குச் செல்வாக்களித்தன. எமக்கு இது உடன்பாடன்று. கண்ணின் குறை தெரிவின் காரணத்தை விளக்கிவிடாது. தூரத்திலிருந்து நோக்கும் ஓர் இளைஞரின் தெரிவாகவே இதனைக் கொள்ளல் வேண்டும். அத்தெரிவுக்கு அவரே பொறுப்பு.

அவ்வினாவை அவரும் உணர்ந்திருத்தல் கூடும். 1940இல், ஆசிரியராக இருந்த காலத்தில், கலாபவன மாணவர் விடுதியொன்றின் கூரையின் உட்புறத்தில் பீர்பூம் நிலக்காட்சியைத் தீட்டினார். நடுவே ஒரு குளம். அதனைச் சூழ மரங்களும் கால்நடைகளும் தத்தம் தொழிலில் ஈடுபட்ட ஊர்மக்களும். மேல், கீழ் என்ற திசையில்லை. அண்ணாந்து நோக்குவோர் நின்றவிடத்திலேயே சுற்றிவரல் வேண்டும். சுருளின் நடை இங்கு வட்டமாகியுள்ளது. முன்னர் ஒதுங்கி நின்றோர் நீரைச் சூழ இடம்பெற்றுள்ளனர். இக்கூரையை அறிந்தபின் 1924ஆம் ஆண்டுச் சுருளுக்குத் திரும்புமிடத்து, அதன் தனிமை முன்னிலும் கூடுதலாகவே புலப்படுகிறது. அதனைக் குறையென்றே யாம் கொள்கிறோம்.