தொரட்டியும் கதியாலும்

மாசி பிறந்துவிட்டால் மதுரையைச் சுற்றியுள்ள சமவெளியில் ஆடு மேய்ப்பவர் கைக்குத் தொரட்டி வந்துவிடும். வயலில் அறுத்த தாள், வரப்பில் கருகிய புல், வற்றிய கண்மாய். கரையில் நிற்கிற கருவேலும் வேம்பும் மட்டும் பச்சையாக இருக்கும். கிளையை வளைத்து ஒடித்துப் போட்டால் மந்தை மொத்தமும் அங்கே மொய்க்கும். பொழுது சாய வீடு திரும்பும் ஆடுகளுக்கு ஒரு சட்டி கழனித்தண்ணி, அதில் ஒரு பிடி தவிடு. கையில் காசிருந்தால் துவரம் பொட்டோ கடலைப் புண்ணாக்கோ சேரும்.

அந்தப் புண்ணாக்கு யாருக்குப் போகிறது என்பதுதான் என் மனக்குறை. திருமங்கலம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் போகவேண்டிய கிடாவுக்கும், சாமிக்கு நேர்ந்துவிட்ட கிடாவுக்கும் தனிக் கவனிப்பு உண்டு. சினை ஆடு பெரும்பாலும் மேய்ச்சலோடு சரி. ஆட்டின் சினைக்காலம் ஐந்து மாதம். குட்டி வயிற்றுக்குள் பெரும்பகுதி வளர்வது கடைசி ஒன்றரை மாதத்தில். அந்த நாட்களில் தினம் 200 முதல் 250 கிராம் அடர்தீவனம் கொடுத்தால் குட்டி எடையோடு பிறக்கும், தாய்க்கு மடியில் பால் இருக்கும். கொடுக்காவிட்டால் இரட்டைக் குட்டியில் ஒன்று சோர்ந்து கிடக்கும். பிறகு எத்தனை தவிடு போட்டாலும் அந்த இழப்பு ஈடாகாது.

யாழ்ப்பாணத்தில் காட்சி வேறு. அங்கே காணி சிறியது, பக்கத்துத் தோட்டத்தில் வெங்காயமோ புகையிலையோ நிற்கும். ஆட்டை அவிழ்த்துவிட்டால் சண்டைதான். அதனால் மறியை, அதாவது பெட்டை ஆட்டை, கட்டி வைத்து, தீனியை அதனிடம் கொண்டுபோகிறார்கள். தீனி இருக்கும் இடம் வேலி. கிளுவை, பூவரசு, முள்முருக்கு, நாம் கிளைரிசிடியா என்று சொல்லும் சீமைக்கிளுவை ஆகியவற்றின் தடிகளைக் கதியாலாக வரிசையில் நட்டுவிடுவார்கள். அவை வேர்விட்டுத் துளிர்க்கும். கொக்கைத்தடியால் குழை வெட்டி, கட்டாகக் கட்டி, ஆட்டின் வாய்க்கு எட்டும் உயரத்தில் தொங்கவிடுவார்கள். தரையில் போட்டு மிதிபட்ட இலையை ஆடு மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும். தொங்குகிற குழையைக் காம்புவரை உருவித் தின்னும். முற்றத்தில் உதிர்ந்த பிலாவிலைகூட வீணாவதில்லை. கூரான கம்பியால் ஒவ்வொன்றாகக் குத்தி, கம்பி நிறையக் கோத்து எடுத்துவந்து போடுவார்கள். நுங்கு குடித்த கோம்பையைச் சீவிப் போடுவதும் உண்டு. பால் கறக்கும் ஆட்டுக்குத் தேங்காய்ப் பிண்ணாக்கு. இந்தியாவிலிருந்து அங்கே போன ஜமுனாபாரி ஆட்டினத்தின் கலப்பு ஆடுகள் பாலுக்காகவே பல வீடுகளில் வளர்கின்றன.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், மதுரையில் கைத்தீனி என்றால் கடையில் வாங்குவது. யாழ்ப்பாணத்தில் அது வளவில் விளைவது. ஆட்டின் வயிற்றுக்கு இந்த வேறுபாடு முக்கியம். காய்ந்த புல்லில் புரதம் நூற்றுக்கு நான்கைந்து பங்கு இருந்தாலே அதிகம். அதைச் செரிக்க வைக்கும் நுண்ணுயிர்கள் முதல் இரைப்பையில் வாழ்கின்றன; புரதம் போதாவிட்டால் அவை பெருகுவதில்லை. ஆடு வயிறு நிறையத் தின்றும் மெலிவது இதனால்தான். கிளைரிசிடியா இலையில் உலர்நிலையில் நூற்றுக்கு இருபது பங்குக்கு மேல் புரதம் உண்டு. தினம் சிறு கட்டு இலை கொடுத்தால், பகலில் தின்ற காய்ந்த புல்லும் உடம்பில் ஒட்டும். அதன் வாடை பழகாத ஆடு முதலில் மறுக்கும். அரைநாள் வாடவிட்டுக் கொடுத்தால் பழகிக்கொள்ளும். சவுண்டல் இலையை மட்டும் மொத்தத் தீனியில் மூன்றிலொரு பங்குக்கு மேல் போகவிடக்கூடாது. அதிலுள்ள நச்சு நாள்பட்டால் முடி உதிர்க்கும்.

நம் பக்கத்திலும் இலைத்தீனிக்கு வழி இல்லாமல் இல்லை. சோழவந்தான் கொடிக்கால்களில் வெற்றிலைக் கொடி ஏறுவது அகத்தியின் மேல்தான். கழித்துவிடும் அகத்தித் தழையைவிட ஆட்டுக்கு நல்ல தீனி கிடைப்பது அரிது. ஆனால் கொடிக்கால் எல்லா ஊரிலும் இல்லை. சீமைக் கருவேலம் எல்லா ஊரிலும் இருக்கிறது. கோடையில் மஞ்சளாகப் பழுத்து உதிரும் அதன் நெற்று இனிப்பானது, ஆடு விரும்பித் தின்னும். கெட்டி ஓட்டு விதையில் ஒரு பகுதி செரிக்காமல் புழுக்கையோடு விழுந்து, போகிற இடமெல்லாம் முளைக்கும். காயவைத்து அரைத்துக் கொடுத்தால் விதையின் புரதமும் ஆட்டுக்குச் சேரும், மரமும் பரவாது. 2017-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவுப்படி தென் மாவட்டங்களில் இந்த மரத்தைப் பிடுங்கினார்கள். நிலத்துக்கும் நீருக்கும் அது செய்யும் கேட்டை நான் மறுக்கவில்லை. ஆனால் மரம் போன இடத்தில் கோடைத் தீனிக்கு எதை நடுவது என்ற கேள்வியையும் அப்போதே கேட்டிருக்க வேண்டும்.

யாழ்ப்பாண வழியை அப்படியே இங்கே கொண்டுவரவும் முடியாது. 2011-ல் தொடங்கிய விலையில்லா ஆடுகள் திட்டத்தில் நிலமற்ற ஏழைக் குடும்பங்களுக்கு நான்கு நான்கு ஆடுகள் கிடைத்தன. நிலமே இல்லாதவர் வேலி எங்கே போடுவார்? அவருடைய வேலி கண்மாய்க்கரையும் புறம்போக்கும்தான். ஊருக்கு ஊர் பிளாட் கல் ஊன்ற ஊன்ற அதுவும் சுருங்குகிறது. கட்டிவைத்த ஆட்டுக்குக் குழை வெட்டுவது பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் தலையில் விழும் வேலை என்பதையும் மறக்கக் கூடாது. காட்டு வேலைக்குப் போய்வரும் பெண்ணிடம் அதற்கு நேரம் இருக்காது. மேய்கிற ஆடு பல செடிகளையும் தானே தேர்ந்து தின்னும் நன்மையும் நம் பக்கம் இருக்கிறது. அதை இழக்க வேண்டியதில்லை.

தவிர, யாழ்ப்பாணத்திலேயே கதியால் வேலி குறைந்துவருகிறது. வெளிநாட்டுப் பணம் வந்த வீடுகளில் வேலி நின்ற இடத்தில் சிமெந்து மதில் எழும்பிவிட்டது. ஆடு வைத்திருப்பவர் குழைக்கு அடுத்தவர் வளவைத் தேடிப் போக வேண்டியிருக்கிறது.

மதுரைப் பக்கம் செய்யக்கூடியது கண்மாய்க்கரையில் இருக்கிறது. கரையின் வெளிச்சரிவில் சீமைக் கருவேலம் பிடுங்கிய இடத்தில் வாகையும் வெள்வேலும் வைத்தால் இலையும் கிடைக்கும், நெற்றும் கிடைக்கும். முதல் இரண்டு வருடம் ஆடு கடிக்காமல் முள் அடைக்க வேண்டும். தழை ஒடிக்கும் உரிமை ஆடு வைத்திருக்கும் நிலமற்றவர்களுக்கு என்று ஊராட்சி தீர்மானம் போடவேண்டும். அதற்குப் பிறகு கையில் மிஞ்சும் புண்ணாக்கைச் சினை ஆட்டுக்கு ஒதுக்கலாம்.