கண்ணுள் வினைஞரும் படச்சுருளும்

ஓவியரைக் ‘கண்ணுள் வினைஞர்’ என்று மதுரைக்காஞ்சி குறிக்கின்றது. காண்பார் கண்ணிடத்தே தம் தொழிலை நிறுத்துவோர் என்பது அச்சொல்லுக்கு நச்சினார்க்கினியர் காட்டும் பொருள். தூரிகையாயினும் காமிராவாயினும், ஒரு முகத்தைக் காண்பார் கண்ணில் நிறுத்துதலே உருவப்படக் கலைஞனின் கடமை. டிஜிட்டல் காமிரா மலிந்த இந்நாளிலும் அக்கலைஞருள் சிலர் படச்சுருளையே நாடுகின்றனர். இது வெறும் பழமைப்பற்றா, தொழிலறிவா என்பது ஆராய்தற்குரியது.

சுருளை நாடுவோர் முதலில் கூறும் காரணம் படத்தின் அழகு. அதில் உண்மை உண்டு. சுருளின் பூச்சில் வெள்ளி உப்பின் நுண்மணிகள் ஒழுங்கின்றிப் பரவியுள்ளன. ஒளி மிகும் இடத்தில் நெகட்டிவின் கருமை மெல்ல மெல்லவே நிறைவெய்தும். டிஜிட்டல் உணரியோ தன் கொள்ளளவு நிறைந்தபின் ஒளியை ஏற்பதில்லை. அவ்விடம் வெற்று வெள்ளையாகிவிடும். கரிய முகமும் வெள்ளை வேட்டியும் திருநீறும் மல்லிகைச் சரமும் ஒரே படத்தில் அமையும் தமிழர் திருமணத்தில் இவ்வேற்றுமை நன்கு புலனாகும். ஆயினும் நிழற்பகுதியின் நுணுக்கத்தைக் காப்பதில் இக்காலத்து டிஜிட்டல் காமிரா வல்லது. ஒளியைச் சற்றே குறைத்து எடுப்பவன் வேட்டியின் மடிப்பையும் இழப்பதில்லை. எனவே அழகு ஒன்றைக் கொண்டு இவ்வழக்கை முடித்தல் இயலாது.

படச்சுருளைப் புகழ்வோர் மறக்கும் செய்தி ஒன்றும் உண்டு. வண்ணச் சுருள் நெடுங்காலம் வெள்ளை மேனியை அளவுகோலாகக் கொண்டிருந்தது. கோடாக் நிறுவனத்தார் நிறத்தைச் சரிபார்க்க அச்சகங்களுக்கு அனுப்பிய ‘ஷெர்லி’ அட்டையில் இருந்தவள் ஒரு வெள்ளைக்காரப் பெண். அவ்வளவுகோலுக்குள் கரிய முகங்கள் முறையாக அடங்கவில்லை. நம்மவர் ஸ்டூடியோக்களிலும் நெகட்டிவின் மேல் பென்சிலால் தீட்டி முகத்தை வெளுப்பாக்கும் வழக்கம் இருந்தது. இன்று கைப்பேசிச் செயலிகள் அதே வேலையைக் கேளாமலே செய்கின்றன. கருவி மாறியும் குறை மாறவில்லை; ஏனெனில் குறை இருந்தது கருவியில் மட்டுமன்று, முகத்தை நோக்கும் நோக்கிலுமாகும்.

அங்ஙனமாயின் சுருளின் தனிச்சிறப்பு யாது? அது முகத்திற்கும் காமிராவுக்கும் இடையே உண்டாக்கும் ஒழுங்கு எனலாம். ரோலிபிளக்ஸ், ஹாசல்பிளாட் போன்ற காமிராக்களில் ஒரு சுருளுக்குப் பன்னிரண்டு படங்களே உண்டு. எடுத்த படத்தை அப்பொழுதே காணவும் இயலாது. இவ்விரு தடைகளுமே நன்மையாகின்றன. மெய்ப்பாடு எட்டு என்றார் தொல்காப்பியர். உள்ளத்து உணர்ச்சி உடலில் வெளிப்படுதலே மெய்ப்பாடு. அதனை ஏவி வருவிக்க முடியாது. ஒவ்வொரு படத்தையும் உடனே திரையில் பார்ப்பவர், அடுத்த படத்திற்குத் தம் முகத்தைத் தாமே திருத்திக்கொள்கின்றார். நகை, நகை போன்ற ஒன்றாகிவிடுகின்றது. திரை இல்லாவிடத்து அமர்ந்தவர் காமிராவை மறக்கின்றார். எடுப்பவரோ திரையை நோக்காது முகத்தையே நோக்குகின்றார்.

1941 டிசம்பர் 30 அன்று ஒட்டாவா நகரில் யூசுப் கார்ஷ், சர்ச்சிலின் வாயிலிருந்த சுருட்டைத் திடீரெனப் பறித்துப் படமெடுத்தார். அந்த வெகுளி உலகறிந்த உருவப்படமாயிற்று. அடுத்த படத்தில் சர்ச்சில் புன்னகை புரிந்தார். அவ்விரண்டையும் அங்கேயே ஒப்பிட்டுப் பார்க்கும் வசதி இருந்திருப்பின், சர்ச்சில் எதனை விரும்பியிருப்பார் என்பது ஊகத்திற்குரியது. 2022-இல் ஹாசல்பிளாட் விருது பெற்ற தில்லிக் கலைஞர் தயாநிதா சிங், இந்தியக் குடும்பங்களை அவர்தம் இல்லங்களிலேயே கறுப்பு வெள்ளைச் சுருளில் எடுத்தவர். அப்படங்களில் காணும் அமைதி, விரையாமல் எடுத்த கையின் அமைதியாகும்.

மற்றொரு சிறப்பு, நெகட்டிவ் கையால் தொடக்கூடிய சான்றாக நிற்பது. தமிழகத்துப் பழைய ஸ்டூடியோப் படங்களைப் புதுச்சேரிப் பிரெஞ்சு நிறுவனத்து ஆய்வாளர்கள் திரட்டிக் காத்தபோது, ஏட்டில் எழுதப்படாத குடும்ப வரலாறுகள் வெளிவந்தன. மலாயாவில் 1948-இல் அவசரகாலச் சட்டத்தின்கீழ் பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டோர்க்கெல்லாம் படம் ஒட்டிய அடையாள அட்டை கட்டாயமாயிற்று. தோட்டத்துத் தமிழர் பலர் காமிராமுன் நின்றது அரசின் அக்கட்டளையால்தான். கட்டளைக்கு நின்ற முகமும், நல்லாடை உடுத்தி விரும்பி ஸ்டூடியோவில் அமர்ந்த முகமும் வேறு வேறு. அம்பாங், பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் இல்லச் சுவர்களில் இன்றும் தொங்கும் மூத்தோர் படங்கள் இவற்றுள் இரண்டாம் வகையின. தோட்டங்கள் அழிந்து வீடமைப்புப் பகுதிகளான பின்னர், அம்மக்கள் தம்மை எங்ஙனம் காட்டிக்கொள்ள விரும்பினர் என்பதற்கு அப்படங்களே சான்று.

எனினும் சுருளுக்கு இடர்கள் பல. கிள்ளான் பள்ளத்தாக்கின் ஈரக் காற்றில் நெகட்டிவிலும் லென்சிலும் பூஞ்சணம் படரும். உலர்ந்த பெட்டியில் காவாதவன் இரண்டையும் இழப்பான். சுருளும் கழுவும் கூலியும் விலையேறியுள்ளன. உதகையில் 1960-இல் நிறுவப்பெற்ற இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ‘இந்து’ என்னும் பெயரில் விற்ற கறுப்பு வெள்ளைச் சுருள் இன்று இல்லை, அவ்வாலையும் மூடப்பட்டது. நாளிதழ்ச் செய்திக்கும் கடவுச்சீட்டுக்கும் டிஜிட்டலே தக்கது என்பதில் ஐயமில்லை.

ஆகவே, சுருளைத் தேர்தல் ஒரு முகத்திற்கு எவ்வளவு பொழுதும் பொறுமையும் அளிப்பது என்பதைத் தேர்தலேயாகும். அப்பொறுமை இல்லாதவன் கையில் சுருள் வெறும் செலவு. அஃது உள்ளவன் டிஜிட்டல் காமிராவின் திரையை மூடிவைத்தும் அதன் பயனிற் பெரும்பகுதியைப் பெறுவான். எனினும் மனிதர் மன உறுதி எந்நாளும் ஒன்றுபோல் இருப்பதில்லை. பன்னிரண்டே படங்கள் என்னும் வரம்பு, தளர்ந்த நாளிலும் கலைஞனை விழிப்புடன் நிறுத்துகின்றது. உருவப்படக் கலைஞன் சுருளை நாடுதற்குத் தகுதியான காரணம் அதுவே.