கழற்றுதல், மாட்டுதல், எழுதுதல்

ஏனாத்தூரில் பெரியப்பா வீட்டுக்குப் பின்னால், தகரக் கொட்டகைக்குள், ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு பல வருஷமாக நின்றுகொண்டிருந்தது. பெரியப்பா போன பிறகு அதைக் காயலான் கடைக்குப் போட்டுவிடலாம் என்று வீட்டில் பேச்சு. நான்தான் வேண்டாம் என்றேன். மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்துவிட்டு மென்பொருள் எழுதிப் பிழைப்பவன் நான். நான்கு வருஷப் படிப்பில் ஓர் என்ஜினைக்கூட என் கையால் திறந்ததில்லை. அந்தப் பழைய கடனைத் தீர்க்கும் ஆசை.

சனிக்கிழமைகளில் சென்னையிலிருந்து வந்து வேலையை ஆரம்பித்தேன். எனக்கு இரண்டு துணைகள். ஒன்று, ஹெரால்டுக்கு ஹெய்ன்ஸ் நிறுவனம் போட்ட பழைய கையேடு. இன்னொன்று, ஒரு காலத்தில் இந்த வண்டிகளைப் பார்த்த, இப்போது எழுபது தாண்டிவிட்ட காஞ்சிபுரத்து மேஸ்திரி ஒருவர். அச்சில் இருந்ததையும் கையில் இருந்ததையும் ஒரு வாசகனாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் வண்டி. ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா 1948ல் மதராஸில் தொடங்கப்பட்டது. வண்டலூர்ப் பக்கத்து ஆலையில் 1961லிருந்து ஹெரால்டு தயாரானது. பிரிட்டனில் அதன் பெயர் டிரயம்ஃப் ஹெரால்டு. உருவம் கொடுத்தவர் இத்தாலிக்காரரான ஜியோவானி மிக்கெலோட்டி. அதே ஹெரால்டின் சேஸியைக் குறுக்கி, அதே குடும்பத்து என்ஜினைக் கொஞ்சம் பெரிதாக்கி வைத்து 1962ல் வந்ததுதான் டிரயம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார். இரண்டிலும் பானெட்டும் முன் மட்கார்டுகளும் ஒரே துண்டாக முன்பக்கம் சாயும். மூடியைத் திறந்தால் என்ஜின் முழுசாக வெளியே நிற்கும், ‘வா, வந்து பிரி’ என்று கூப்பிடுவதுபோல.

இனி கையேடு. ஜான் ஹெய்ன்ஸ் 1938ல் இலங்கையில் பிறந்தவர். அப்பா அங்கே தேயிலைத் தோட்ட மேலாளர். 1965ல் பிரிட்டிஷ் விமானப்படை வேலையாக ஏடனில் இருந்தபோது, கூட வேலை பார்த்தவர் ஒரு பழைய ஆஸ்டின் ஹீலி ஸ்பிரைட் வாங்கினார். தவளைக்கண் என்று செல்லப் பெயர் பெற்ற குட்டி ஸ்போர்ட்ஸ் கார். அதன் என்ஜினைப் புதுப்பிக்க ஹெய்ன்ஸ் உதவினார். கம்பெனி கொடுத்த கையேடு சாதாரண ஆளுக்கு உதவவில்லை. உடனே ஒரு கேமரா வாங்கி, கழற்றுவதையும் மாட்டுவதையும் படிப்படியாகப் படம் எடுத்தார். 1966ல் புத்தகம் வந்தது. முதல் அச்சு 3000 பிரதிகள். மூன்று மாதத்துக்குள் தீர்ந்துவிட்டன. தவளைக்கண் ஸ்பிரைட்டின் என்ஜினும் 948 சிசி, நம் ஹெரால்டின் என்ஜினும் 948 சிசி. இத்தனைக்கும் இரண்டும் வேறு வேறு கம்பெனிகளின் படைப்புகள்.

ஹெய்ன்ஸ் செய்ததை நான் ஓர் இலக்கியச் செயல் என்றே சொல்வேன். கம்பெனிக் கையேட்டில் பேசும் குரல் யாருடையதும் இல்லை. அது எல்லாக் கருவிகளும் இருக்கும் ஒரு பட்டறையைக் கற்பனை செய்துகொண்டு ஆணையிடும். ஹெய்ன்ஸின் உரைநடையில் ஓர் ஆள் இருக்கிறார். அந்த நட்டில் தன் கை வழுக்கியதால்தான் நம்மை எச்சரிக்கிறார். ஒரு வண்டியை வாங்கி, முழுக்கப் பிரித்து, திரும்பக் கோர்த்து, அதன் பிறகே எழுதுவது என்பதை அவருடைய நிறுவனம் கொள்கையாகவே வைத்துக்கொண்டது. செய்ததை மட்டும் எழுது. நம் நாவலாசிரியர்கள் பலருக்கும் சிபாரிசு செய்யத்தக்க விதி.

ஆனால் அந்த உரைநடைக்கு ஒரு பெரிய ஓட்டை உண்டு. கழற்றுவதை விரிவாகச் சொல்லிவிட்டு, மாட்டுவது அதையே தலைகீழாகச் செய்வதுதான் என்ற பொருளில் ஒரு வரியோடு நகர்ந்துவிடுகிற பழக்கம். ஹெய்ன்ஸ் வாசகர்கள் நடுவில் இது ரொம்ப காலமாக ஒரு நகைச்சுவை. எனக்கு அது வெறும் நகைச்சுவையாக இருக்கவில்லை.

இந்த என்ஜினில் கிராங்க், மூன்று மெயின் பேரிங் மேல் சுற்றுகிறது. பின்பக்க பேரிங்கின் இரண்டு பக்கமும் அரை நிலா வடிவத்தில் ஒவ்வொரு த்ரஸ்ட் வாஷர். கிளட்ச்சை மிதிக்கும்போதெல்லாம் கிராங்க் முன்னால் தள்ளப்படும். அதைத் தாங்குவது இந்த வாஷர்தான். தேய்ந்து கீழே சம்ப்பில் விழுந்துவிட்டால், கிராங்க் நேராக பிளாக்கையே அரைக்க ஆரம்பிக்கும். வாஷரின் ஒரு முகத்தில் ஆயில் ஓடுவதற்குக் கோடுகள் இருக்கும். அந்த முகம் கிராங்க்கைப் பார்க்க வேண்டும்.

கழற்றும்போது இது ஒரு விஷயமே இல்லை. கிராங்க்கைத் தூக்கினால் வாஷர் தானாக வழுக்கி மேஜையில் விழும். எந்த முகம் எந்தப் பக்கம் பார்த்தது என்ற சேதி அந்த நொடியில் தொலைந்துபோகும். தலைகீழாகச் செய் என்றால், தொலைந்ததை எப்படித் தலைகீழாக்குவது? கையேட்டில் எச்சரிக்கை இல்லாமல் இல்லை. நான்தான் தாண்டிப் போயிருந்தேன். வேகமாகப் படித்தால் கை தாண்டிப் போகும்.

மேஸ்திரி வந்து எட்டிப் பார்த்தார்.

“தம்பி, கோடு எந்தப் பக்கம் பாக்குது?”

“எந்தக் கோடு?”

அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஸ்பேனரை நீட்டினார். மூன்று கேப்பையும் மறுபடி கழற்றினேன். பின்பக்க வாஷர் திரும்பி உட்கார்ந்திருந்தது.

மாட்டும்போது இன்னொன்று நடந்தது. கேப்புகளை இறுக்கிய பிறகு கிராங்க் தடையில்லாமல் சுற்ற வேண்டும் என்பது கையேட்டு மொழி. எது தடையில்லாமல்? மேஸ்திரி சொன்னார்: “மூணையும் ஒண்ணா இறுக்காத. ஒண்ண இறுக்கு, சுத்திப் பாரு. அடுத்தத இறுக்கு, சுத்திப் பாரு. எப்ப புடிக்குதோ, கடைசியா இறுக்கினதுதான் கோளாறு.” சிரித்துவிட்டேன். ஒரு மாற்றம் செய், சோதித்துப் பார், பிறகு அடுத்தது. ஆபீஸில் புதிதாகச் சேரும் பிள்ளைகளிடம் வருஷம் பூரா நான் சொல்வதும் இதேதான்.

இப்போது நம் பக்கத்தைப் பார்க்க வேண்டும். மேஸ்திரியின் இந்த அறிவுக்குத் தமிழில் ஒரு சொல் வைத்திருக்கிறோம்: பக்குவம். கைப்பக்குவம். நெசவாளியைப் பற்றியோ தச்சரைப் பற்றியோ மெக்கானிக்கைப் பற்றியோ நம் எழுத்தாளர்கள் எழுதும்போது இந்தச் சொல்லில் வந்து நின்றுவிடுகிறார்கள். விரல்கள் நடனமாடும், இரும்பு பேசும். விரல் என்ன செய்தது என்பது மட்டும் கிடைக்காது. ஜி.டி. நாயுடு, ஆங்கிலேய அதிகாரி ஒருவரிடம் வாங்கிய மோட்டார் சைக்கிளைப் பிரித்துக் கோர்த்துக் கற்றுக்கொண்ட கதை தமிழ்நாட்டில் பலருக்கும் தெரியும். அதை மேதையின் புராணமாகத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறோம். எந்த பாகம் முதலில் வந்தது, எது மாட்டிக்கொண்டது என்று அந்தக் கதை சொல்வதில்லை. ஏறக்குறைய அதே காரியத்தைச் செய்த ஹெய்ன்ஸ் புராணமாகவில்லை. புத்தகமாக ஆனார்.

சிலவற்றை எழுதவே முடியாது என்று ஒரு வாதம் உண்டு. ஓரளவுக்கு ஒப்புக்கொள்கிறேன். கிராங்க்கைச் சுற்றும்போது மணிக்கட்டில் தெரிகிற அந்த மெல்லிய இழுப்பை இங்கே என்னால் எழுத முடியவில்லை. ஆனால் மேஸ்திரியின் இரண்டு சோதனைகளையும் மேலே சில வரிகளில் எழுதிவிட்டேனே! பக்குவம் என்று நாம் கும்பிட்டு ஒதுக்கியதில் பெரும்பகுதி, யாரும் கேட்டு எழுதாதது மட்டும்தான்.

எழுதாததற்கு ஒரு விலை இருந்தது. அதைக் கொடுத்தவர்கள் நாம் இல்லை. மேஸ்திரி பன்னிரண்டு வயதில் பட்டறைக்குப் போனவர். முதல் இரண்டு வருஷம் டீ வாங்குவதும் மண்ணெண்ணெயில் பாகங்கள் கழுவுவதும்தான் வேலை. கேள்வி கேட்டால் ஸ்பேனர் பறந்து வரும். பார்த்துப் பார்த்துத் திருடிக் கற்றதுதான் தன் தொழில் என்கிறார். இங்கே காஞ்சிபுரத்துத் தறியிலும் இதே கதை உண்டு. உடலையும் கரையையும் கோர்க்கும் கோர்வை நெசவுக்கு நெசவாளி பக்கத்தில் இன்னொரு கை வேண்டும். வெகுகாலம் அது ஒரு சிறுவனின் கையாக இருந்தது. புத்தகம் இல்லாத இடத்தில் அறிவை அடைய ஒரே வழி, குழந்தைப் பருவத்தைக் கொடுப்பது. பக்குவம் என்று நாம் மெய்சிலிர்க்கும்போது இந்தக் கணக்கையும் சேர்த்தே மறைக்கிறோம். எவனோ ஒருவன் முன்பணம் கட்டிப் புத்தகம் வாங்கி, அடி வாங்காமல் என்ஜினைத் திறக்கலாம் என்று ஆக்கியதுதான் ஹெய்ன்ஸ் செய்த புரட்சி.

அதனால் ஒரு நோட்டுப் போட்டேன். ஹெரால்டு என்ஜின் வேலையைத் தமிழில், பட்டறைச் சொற்களிலேயே எழுதுவது என்று. “யார் படிக்கப் போறாங்க?” என்றார் மேஸ்திரி. இருந்தாலும் ஒவ்வொரு வாரமும் படித்துக் காட்டச் சொன்னார்.

ஹெட்டை மாட்டும் பகுதிக்கு வந்தபோது, நட்டுகளைப் பக்குவமாக இறுக்கவும் என்று எழுதியிருந்தேன். அவர் நிறுத்தினார்.

“பக்குவம்னா எவ்ளோ, தம்பி?”

அடித்துவிட்டு, அவர் சொல்லச் சொல்லத் திருத்தி எழுதினேன்: நடு நட்டில் தொடங்கி வெளியே போகவும். முதல் சுற்றில் நட் உட்கார்ந்தால் போதும். இரண்டாம் சுற்றில் பாதி இறுக்கம். மூன்றாம் சுற்றில்தான் முழு இறுக்கம். ஒரே நட்டை ஒரே மூச்சில் இறுக்க வேண்டாம்.