குறையும் கவர்ச்சியும்

படைப்பிற் காணும் குறை சுவைஞரை விலக்கும் என்பதே நாம் பயின்ற விதி. ஆயின், குறைந்த பொருளில் குறை மலிய எடுக்கப்பெற்ற விஞ்ஞானக் கற்பனைப் படங்கள் சில, பல்லாண்டு கழிந்தும் விரும்பிக் காணப்பெறுகின்றன. 1957 இல் முதன்முதல் காட்டப்பெற்ற, எட் வுட் என்பாரின் ‘பிளான் 9 ஃப்ரம் அவுட்டர் ஸ்பேஸ்’ என்னும் அமெரிக்கப் படத்திற்கு 1980 இல் ஒரு நூல் ‘மிக மோசமான படம்’ என்று பட்டஞ் சூட்டிற்று. அப்பட்டமே அதற்குப் புதிய அன்பரைத் தேடித் தந்தது. தமிழ்நாட்டிலும், சேலம் மாடர்ன் தியேட்டர்சார் அமெரிக்கருடன் கூடி 1952 இல் ஆக்கிய ‘காடு’ படத்தில், யானைகள்மீது மயிர்ப்போர்வை போர்த்திப் பண்டைச் சடையானைகளாக உலவவிட்டனர்.

இவ்வன்பு ஏளனத்திற் பிறந்ததா? அன்று என்பதே என் துணிபு. 1963 இல் வெளிவந்த ‘கலை அரசி’ அதற்குத் தக்க சான்று. ஏ. காசிலிங்கம் இயக்கிய அப்படத்தில், அறிவியலில் மேம்பட்டும் கலையிற் பின்தங்கிய வேற்றுக் கிரகத்தார் பூவுலகிற்கு வந்து, இசைவல்ல வாணியைக் கவர்ந்து செல்கின்றனர். வாணியாக நடித்தவர் பானுமதி. காதலன் மோகனாக வரும் எம்.ஜி.ஆர். அங்குச் சென்று, கோமாளி வேடம் புனைந்து அவளை மீட்கிறார். பூவுலகப் பகுதியின் ஆள்மாறாட்டக் குழப்பம் பழகிய சரக்கே. அதுபற்றி விரித்துரைக்க வேண்டுவதில்லை. வான்வெளிக் காட்சிகளின் எளிமையோ கண்ணை உறுத்தும்.

வியப்பு யாதெனில், கதையே படத்தின் நிலையையும் கூறிவிடுகிறது. அக்கிரகத்தாரிடம் கருவி உண்டு, பாட்டு இல்லை. படமெடுத்தோரிடம் பாட்டு உண்டு, கருவி இல்லை. ககாரின் விண்ணிற் சென்ற 1961 இற்குப் பின் ஈராண்டிலேயே இவர்களும் கிளம்பிவிட்டனர்! சோம்பலால் வந்த குறையை எவரும் நேசிப்பதில்லை. ஆசை பெரிதாய், வசதி சிறிதாய் நின்றவிடத்து வரும் குறை வேறு.

நம் தோட்டங்களில் மாசி மாதக் காமன் கூத்தைக் கண்டோர்க்கு இது புதிதன்று. தாளொட்டிய முடியை முடியென்றே கொள்கிறோம். எஞ்சியதை அவையே நிறைவு செய்கிறது. திரைப்படமோ மெய்யையே காட்டுவதாக வாக்களிப்பது. ஆதலின் அதன் ஒட்டு வெளிப்பட்டதும் சிரிக்கிறோம். சிரித்தபின், நம்மை அறியாமலே கூத்துப் பார்க்கும் கண்ணுக்கு மீள்கிறோம்.

அண்மையில் கந்தப்பளையில் என் மாணவர் சிலருக்கு இப்படத்தைக் காட்டினேன். பறக்கும் தட்டைக் கண்டதும் அறையே அதிர்ந்தது. நானும் சிரித்தேன் என்பதை மறைப்பானேன்? படம் முடிந்தபின் ஒருவன் எழுந்து, அக்கிரகத்தார் பாட்டைக் கற்றுக்கொண்டனரா என்று வினவினான். தட்டைப்பற்றி எவரும் வினவவில்லை.